கலாசாலையும் கணக்கேடும்

1581-ஆம் ஆண்டிலிருந்து ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பிரவேசிக்க விரும்பிய வாலிபர்களுள் 16 வயது கடந்தவர்கள், இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளையும் தாங்கள் அங்கீகரிப்பதாகக் கையொப்பமிட்ட பின்னரே பதிவேட்டில் இடம்பெற முடிந்தது. பெயர், ஊர், வயது, தந்தையின் அந்தஸ்து ஆகிய சில விவரங்களோடு அந்தப் பதிவேடு திருப்தியடைந்துவிட்டது. வந்தவன் விசுவாசமுள்ளவன்தானா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பிய ஸ்தாபனத்துக்கு, அவன் பாதியில் படிப்பை விட்டுப் போய்விடுவானோ என்ற கவலை இருந்ததாகத் தோன்றவில்லை. சமய நிபந்தனை 1854-ஆம் ஆண்டுப் பார்லிமெண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. போய்விடுவானோ என்ற கவலையோ, அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் பிறந்து, இன்று கோடிக்கணக்கான டாலர் புரளும் ஒரு வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியின் சரித்திரம் கல்வியின் சரித்திரத்தைக் காட்டிலும் விற்பனையின் சரித்திரத்தோடு நெருங்கிய சம்பந்தம் உடையது என்பது என் அபிப்பிராயம்.

மாணாக்கர் அனைவரும் ஒரே பாடங்களை ஒரே வரிசையில் படித்துவந்த காலத்தில், ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே குறிப்பு வைத்திருக்க வேண்டிய அவசியம் அதிகமில்லை. 1869-இல் ஹார்வர்டின் தலைமைப் பதவியை ஏற்ற சார்ல்ஸ் எலியட், பாடங்களை மாணாக்கரே தெரிந்தெடுத்துக்கொள்ளும் முறையை விரிவாக்கி அதைப் பிற கலாசாலைகளும் பின்பற்றும்படி செய்தபோது, எவன் எதைப் படித்தான், எதில் தேறினான், பட்டத்துக்கு இன்னும் என்ன பாக்கி என்ற கணக்கை யாரேனும் ஒருவர் வைத்திருந்தாக வேண்டியதாயிற்று. அந்த ஒருவர்தாம் ரிஜிஸ்திரார். 1910-இல் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த உத்தியோகம் பெருகிவிட்டது. நூலகங்களுக்காக ஏற்பட்ட அட்டைப் பெட்டிகள் அவர்களுடைய காரியாலயங்களிலும் புகுந்தன. அட்டைகளை அடுத்து, விவரங்களை அட்டையில் துளைகளாகப் பதியும் யந்திரங்கள் வந்தன.

அந்தத் துளையட்டையின் மேல் மாணாக்கர் கொண்ட வெறுப்பு 1964-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் பகிரங்கமாக வெளிப்பட்டது. பேச்சுச் சுதந்திரம் கோரி அங்கே கிளர்ச்சி செய்தவர்கள், பெயர்ப்பதிவுக்குப் பயன்பட்ட அட்டைகளையே தங்கள் பிரசார சாதனமாக்கிக்கொண்டனர். மடிக்கவோ குத்தவோ சிதைக்கவோ கூடாது என்று அவற்றில் வழக்கமாக அச்சிடப்படும் எச்சரிக்கையைத் தங்களைப் பற்றியதாக மாற்றி எழுதி மார்பில் தொங்கவிட்டார்கள். சிலர் அட்டையிலுள்ள துளைகளே இயக்கத்தின் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டும்படி செய்திருந்தார்கள். இதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1961-இல், மற்றொரு மாறுதல் அமைதியாக நிகழ்ந்திருந்தது. மாண்ட்கமரி நகரில் நிறவேற்றுமையை எதிர்த்துச் சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்த கறுப்பின மாணாக்கரை விசாரணையின்றி நீக்கிய அலபாமா மாநிலக் கலாசாலையின் செய்கை செல்லாது என்று ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் ஸ்தானத்தில் நின்று மாணாக்கனைத் தண்டிக்கவும் திருத்தவும் தனக்குப் பூரண உரிமையுண்டு என்று கலாசாலை நெடுங்காலம் கொண்டிருந்த கொள்கை அத்தீர்ப்போடு சரியத் தொடங்கியது. 1974-இல் வந்த சட்டம், தன்னைப் பற்றிய கல்விக் குறிப்புகளைப் பார்வையிடும் உரிமையை மாணாக்கனுக்கே வழங்கியது.

தந்தையின் ஸ்தானம் போன இடத்தில் வணிகரின் ஸ்தானம் வந்து அமர்ந்ததற்குக் காரணம் ஜனன எண்ணிக்கை. 1957-இல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்த அமெரிக்காவில் 1973-இல் பிறந்தவை ஏறத்தாழ 31 லட்சமே. எழுபதுகளின் இறுதிக்குப் பின் கலாசாலை வாயிலுக்கு வரப்போகும் கூட்டம் குறையும் என்பதைக் கணிக்கச் சோதிடம் தேவைப்படவில்லை. பாஸ்டன் கலாசாலை அச்சமயம் கடுமையான பணமுடையில் இருந்தது. ஏசு சபைத் துறவிகள் நடத்திய அந்த ஸ்தாபனத்தில் மாணவர் சேர்க்கைக்குப் பொறுப்பாளராக அமர்ந்தவர் ஜாக் மகுவயர் என்ற பௌதிக ஆசிரியர். விண்ணப்பித்தவர் யார், இடம் கிடைத்தும் வராமற்போனவர் யார், அவர் வேறெங்கே போனார், உதவித்தொகை எவ்வளவு கொடுத்திருந்தால் வந்திருப்பார் என்றெல்லாம் ஆய்வுக்கூடத்து மனப்பான்மையோடு அவர் ஆராயத் தொடங்கினார். சேர்க்கை, உதவித்தொகை, தக்கவைத்தல் ஆகிய மூன்றையும் ஒரே காரியமாகப் பாவிக்கும் இந்த முறைக்கு ‘சேர்க்கை நிர்வாகம்’ என்று பெயரிட்டு, 1976-இல் கலாசாலையின் பழைய மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பிரவேசப் பரீட்சைகளை நடத்தும் காலேஜ் போர்டு என்னும் சபையோ, 1972 முதலே பரீட்சை எழுதும் பிள்ளைகளின் சம்மதம் பெற்று அவர்களுடைய பெயர்களையும் விலாசங்களையும் கலாசாலைகளுக்கு விலைக்குக் கொடுத்து வந்தது. பரீட்சைத் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பிய பையன் வீட்டுக்கு வர்ணப் படங்கள் நிறைந்த கையேடுகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தமைக்கு இதுவே மூலகாரணம்.

தொண்ணூறுகளில் வியாபார ஸ்தாபனங்களுக்காக ‘சி.ஆர்.எம்.’ என்ற வாடிக்கையாளர் உறவு மென்பொருள் உருவாயிற்று. 1993-இல் ஸீபல், 1999-இல் ஸேல்ஸ்ஃபோர்ஸ் ஆகிய நிறுவனங்கள் தோன்றின. காப்பீடு விற்பவர் யாரிடம் எப்போது பேசினார், மறுபடி எப்போது பேச வேண்டும் என்பதை நினைவூட்டும் அந்தச் சாதனம் கலாசாலைக்கும் வெகு பொருத்தமாக இருந்ததில் வியப்பில்லை. மகுவயர் போட்ட கணக்கை அது தானே போட்டது. விசாரித்தவன், விண்ணப்பித்தவன், இடம் பெற்றவன், பணம் கட்டியவன் என்று வரிசை வரிசையாகப் பெயர்கள் வடிகட்டப்பட்டன. நியூ ஜெர்ஸியிலுள்ள ஸீட்டன் ஹால் சர்வகலாசாலை, மாணாக்கர் தன்மேல் காட்டும் ஆர்வத்துக்கு 1 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் போட்டுவருவதாக 2019-இல் பத்திரிகைச் செய்தி வெளியாயிற்று. அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தானா, எந்நேரம் திறந்தான் என்பவைகூட இத்தகைய கணக்கில் சேரும். மாமியார் வீட்டில் மருமகளைக்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கமாட்டார்கள்!

வலைவீசிப் பிடிக்க ஏற்பட்ட யந்திரத்தைப் பிடித்தவரைக் காப்பாற்றவும் பயன்படுத்தலாம் என்ற யோசனை பின்னரே வலுத்தது. பர்டியூ சர்வகலாசாலை 2007 வாக்கில், பாடத்தில் பின்தங்குகிறவனுக்குச் சிவப்பு, தடுமாறுகிறவனுக்கு மஞ்சள், நன்றாகப் படிக்கிறவனுக்குப் பச்சை என்று போக்குவரத்து விளக்கு முறையில் அறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. இதனால் மாணாக்கர் நிலைத்து நிற்பது மிகுந்தது என்று கொண்டாடப்பட்டது. ஆனால் 2013-இல் சிலர் கணக்கைத் துருவிப் பார்த்து, விளக்குகள் உள்ள வகுப்புகளில் அதிகம் சேர்ந்ததால் பிள்ளைகள் நிலைத்தார்களா, அல்லது நிலைத்து நின்றதால்தான் அத்தகைய வகுப்புகள் பலவற்றில் சேர நேர்ந்ததா என்று வினவினர். பதில் சுலபமாக வரவில்லை.

இவ்விஷயத்தில் நின்று நிதானித்துப் பார்க்கத் தகுந்த இடம் அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா மாநில சர்வகலாசாலை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பெருவாரியாகப் படிக்கும் அங்கே, 2003-இல் ஆறாண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர் நூற்றுக்கு 32 பேரே. மதங்களைப் பற்றிப் போதித்துவந்த பேராசிரியர் திமோதி ரெனிக் நிர்வாகத்துக்கு வந்த பிறகு, பத்தாண்டுகளில் பழைய மாணாக்கர் பெற்ற சுமார் 25 லட்சம் மதிப்பெண்களை ஆராய்ந்து, 800 வகையான அபாயக் குறிகளைத் தொகுத்தார்கள். செவிலியர் படிப்பில் சேர்ந்த பெண் முடிவில் பட்டம் பெறுவாளா என்பதை, அப்படிப்பின் அறிமுகப் பாடத்தில் அவள் பெற்ற மதிப்பெண்ணைவிடக் கணிதப் பாடத்து மதிப்பெண்ணே அதிகம் காட்டியது என்பது யாரும் எதிர்பாராத ஒன்று. 2012 முதல் இக்குறிகளில் ஏதேனும் ஒன்று தென்பட்டதும் ஆலோசகரின் திரையில் அறிவிப்பு வரும். அவர் மாணாக்கரை அழைத்துப் பேசுவார்.

அழைத்துப் பேச ஆள் வேண்டுமே! அதற்காகவே நாற்பதுக்கு மேற்பட்ட ஆலோசகர்களைப் புதிதாக நியமித்தார்கள் என்ற செய்தி, மென்பொருளின் புகழ் பாடுகிறவர்களின் வாயில் அவ்வளவாக வருவதில்லை. மற்றொன்றையும் அவர்கள் கண்டுகொண்டார்கள்: படிப்பில் குறையேதுமில்லாமல், சில நூறு டாலர் கட்டண பாக்கியினால் மட்டுமே பெயர் நீக்கப்பட்டவர் ஏராளம். 2011 முதல், விண்ணப்பம் எதுவும் கேட்காமலே அப்படிப்பட்டவர்களின் கணக்கில் சிறு தொகையை வரவு வைத்தார்கள். 2016-ஆம் ஆண்டுக் கோடையில், இடம் கிடைத்த பிறகும் இலையுதிர் காலத்தில் வந்து சேராமற்போகிறவர்களுக்காக, ‘பவுன்ஸ்’ என்ற பெயரில் குறுஞ்செய்திக்குப் பதில் சொல்லும் யந்திரத்தை அமைத்தபோது, அந்த ஒரு கோடையிலேயே அது இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு விடையளித்தது. வராமற்போவோர் விகிதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உதவித்தொகைப் படிவத்தில் மாற்றாந்தாயின் வருமானத்தைக் குறிப்பிட வேண்டுமா என்பது போன்ற, முகம் பார்த்துக் கேட்கக் கூசும் கேள்விகளை நடுநிசியில் யந்திரத்திடம் கேட்பது எளிதாயிருந்திருக்கும். நூற்றுக்கு 32-ஆக இருந்த பட்டம் பெறுவோர் விகிதமும் 54-ஐ எட்டியது.

அதே 2016-இன் தொடக்கத்தில் மேரிலாந்திலுள்ள மௌண்ட் ஸெயிண்ட் மேரீஸ் சர்வகலாசாலையில் நிகழ்ந்தது வேறு கதை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நலம் விசாரிப்பதுபோல் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, நிலைக்கமாட்டார்கள் என்று அதனால் தெரியவருகிறவர்களை, அரசாங்கத்துக்குக் கணக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே வெளியேறச் செய்துவிட்டால் தக்கவைத்த விகிதம் உயர்ந்து தோன்றும் என்று தலைவர் ஸைமன் நியூமன் திட்டமிட்டதை மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது. பெரும் எதிர்ப்புக்குப் பின் பிப்ரவரி 29-ஆம் தேதி அவர் ராஜிநாமா செய்தார். அட்லாண்டாவில் தேடியதும் இங்கே தேடியதும் ஒரே விவரம். தேடியவர் நோக்கந்தான் வேறு. 2021-இல் ‘தி மார்க்கப்’ என்னும் பத்திரிகை, சில பெரிய சர்வகலாசாலைகள் உபயோகித்த முன்கணிப்பில் மாணாக்கரின் இனமும் ஓர் அளவுகோலாகச் சேர்ந்திருப்பதையும், கறுப்பினத்தவரை அது அதிக அபாயமுள்ளவராகக் காட்டிவந்ததையும் வெளியிட்டது. ஆலோசகரின் திரையில் ஒரு பிள்ளையின் பெயரருகே தோன்றும் நிறத்துக்கு அவனுடைய தோலின் நிறமும் காரணமாயிருந்தது என்பதை அப்பிள்ளை அறியான்.

அறிய விரும்பினால் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தன் குறிப்புகளைக் கேட்கலாம். ஏனெனில் அவன் சேர்ந்துவிட்டவன். மின்னஞ்சலைத் திறந்த நேரத்துக்கெல்லாம் மதிப்பெண் வாங்கி, இறுதியில் இடம் கிடைக்காமற்போனவனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மாணாக்கன் என்று அது கருதுவது கலாசாலைக்குள் வந்து படித்தவனை மட்டுமே.