ஆட்சியும் ஆவணமும்: கிரயத்துக்கு முன் குடிபுகுந்தோர்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வீடு வாங்குவோர் முதலில் புரட்டுவது பஞ்சாங்கத்தை. பத்திர எழுத்தரைத் தேடிப் போவது அதன் பின்னர்தான். ஆடியிலும் மார்கழியிலும் புதுமனையில் பால் காய்ச்சுவது வழக்கமில்லை. ஜூன் பிறந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிடும். வங்கியோ கடன் ஒப்புதலை இழுத்துக்கொண்டிருக்கும். விற்பவரின் உடன்பிறந்தவர்களுள் ஒருவர் கையொப்பமிட அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருக்கும். ஆகவே அச்சாரம் கைமாறியவுடன், "நல்ல நாளில் பாலைக் காய்ச்சிக்கொள்கிறோம், கிரயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் வாங்குபவர். மங்கலக் காரியத்தைத் தடுத்தவர் என்ற பேச்சுக்கு அஞ்சியே பெரும்பாலான விற்பனையாளர்கள் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அடுப்பு எரிகிறது, கட்டில் ஏறுகிறது. வீடு மட்டும் இன்னும் விற்கப்படவில்லை.

இப்படிக் குடிபுகுந்தவர் யார்? உரிமையாளரா, குடிக்கூலியாளரா, நீட்டித்துத் தங்கிவிட்ட விருந்தாளியா? இக்கேள்விக்கு நம் மண்ணில் நெடிய வரலாறு உண்டு. அதன் முதல் ஏட்டைப் புரட்ட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த திருநாவலூரில் பிறந்த சுந்தரரைத் தம் அடிமை என்று முதியவர் ஒருவர் வழக்குத் தொடுத்த கதையை வாசகர்கள் அறிவர். வழக்கு நடந்த இடம் திருவெண்ணெய்நல்லூர் அவை. 12ஆம் நூற்றாண்டில் அதைப் பாடிய சேக்கிழார், அவையோர் முதியவரிடம் மூன்று வகைச் சான்றுகளுள் ஒன்றைக் காட்டச் சொன்னதாகக் கூறுகிறார். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்பன அவை. ஆட்சி என்பது அனுபவம், ஆவணம் எழுத்து, அயலார் காட்சி என்பது அக்கம்பக்கத்தார் சாட்சியம். மூன்றும் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, மூன்றில் ஒன்று போதும் என்றார்கள். எழுத்துக்கு முன்னிடமும் தரவில்லை. மூல ஓலை செல்லும் என்று தீர்ந்த பின்னரும் அவையோர் விடவில்லை என்பது நமக்கு இங்கே முக்கியம். இவ்வூர்க்காரர் என்கிறீரே, உம்முடைய வீடு எங்கே என்று கேட்டார்கள். முதியவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைந்தது பக்திக் கதை. ஓலையால் வென்றவரிடமும் குடியிருப்பைக் காட்டச் சொன்ன அந்த அவையின் மனப்பாங்கு, சட்ட வரலாற்றுக்கு உரியது.

சோழர் கால நிலவிற்பனைக் கல்வெட்டுகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டன. ஆவணக்களி, விலையாவணம், பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை முதலிய சொற்களை அவற்றில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். விலையாவணம் விற்றதற்கு ஓலை. பொருட்செலவோலை விலை முழுதும் கைக்கு வந்து தீர்ந்ததற்கு ஓலை. காசு அறும் நேரமும் நிலம் மாறும் நேரமும் ஒன்றாகவே இருக்கும்படி வாசகத்தைக் கட்டினார்கள். நான்கெல்லை சொல்லி, மரமும் கிணறும் சொல்லி, உடும்பும் ஆமையும் நடமாடும் இடம்வரை எண்ணிக் கொடுத்துவிட்டால், பாதி வாங்கியவர் என்று ஒருவர் நடுவில் நிற்க இடமில்லை. குறைந்தபட்சம் கல்லில் இடமில்லை. ஊரில் இருந்திருப்பார் என்றே நாம் ஊகிக்கிறோம். வேறு ஓலை காட்டக் கடவதல்ல என்று கல்லில் எழுதிவைத்தார்கள் என்றால், காட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

ஆங்கிலேயர் இயற்றிய 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் மூன்று சான்றுகளையும் ஒன்றாகச் சுருக்கியது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே விற்பனையாகும் என்றது 54ஆம் பிரிவு. கிரய ஒப்பந்தம் தன்னளவில் அச்சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்றும் அதே பிரிவு கூறியது. (100 ரூபாய் அன்று பெருந்தொகை. அந்த எண் இன்றுவரை மாறவில்லை.) அச்சாரம் கொடுத்துக் குடிபுகுந்தவர் சட்டத்தின் கண்ணில் பத்திரத்துக்காகக் காத்திருப்பவர், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் நிலைமை சற்று நெகிழ்வாக இருந்தது. நில ஒப்பந்தங்களுக்கு எழுத்து வேண்டும் என்று 1677ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்திய போதும், ஒப்பந்தத்தை நம்பி ஒருவர் வீட்டில் குடியேறிவிட்டால் எழுத்தில்லை என்று சொல்லி மற்றவர் தப்பிவிடக் கூடாது என்று அங்குள்ள நியாய நீதிமன்றங்கள் கருதின. இந்தக் கருணை கடல் கடந்து இந்தியாவுக்கு வருமா என்பதைச் சோதித்தது கல்கத்தா வழக்கொன்று. 1913இல் வாய்மொழியாக நிரந்தரக் குத்தகை பேசி, உரிமையாளரின் கண்ணெதிரே 10,000 ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டடம் எழுப்பிய ஜதுநாத் மஜும்தாரை, பதிவுப் பத்திரம் இல்லை என்று காட்டி வெளியேற்ற முனைந்தார் உரிமையாளர் ஆரிஃப். கல்கத்தா உயர் நீதிமன்றம் குடியேறியவர் பக்கம் நின்றது. 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. இந்தியச் சட்டம் எழுத்தில் தெளிவாக இருக்கும்போது ஆங்கில நியாயக் கொள்கையைக் கொண்டு அதை வளைக்க முடியாது என்றது. ஆங்கிலேயர் தம் நாட்டில் தமக்கு வைத்துக்கொண்ட கருணையை நமக்குச் சட்டம் எழுதும்போது மறந்துவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அத்தீர்ப்பு வருமுன்னரே சட்டமன்றம் விழித்துக்கொண்டிருந்தது என்பது வேடிக்கை. 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 53ஏ பிரிவு புகுத்தப்பட்டு 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மஜும்தாரின் விவகாரம் அதற்கு முற்பட்டது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதன்படி சுவாதீனம் பெற்றிருக்க வேண்டும். தம் பங்கை நிறைவேற்றியவராகவோ நிறைவேற்ற ஆயத்தமாக இருப்பவராகவோ வாங்குபவர் இருக்க வேண்டும். இவை பொருந்தினால், பத்திரம் பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்தால் விற்பவர் அவரை வெளியேற்ற இயலாது. ஆனால் இது கேடயமே, வாளன்று. 1939இல் தேயிலைத் தோட்ட வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் இதை உறுதிப்படுத்தியது. இப்பிரிவைக் கொண்டு வீட்டைத் தமதென்று அறிவிக்கும்படி கேட்க முடியாது. தம்மை வெளியேற்ற வருபவரைத் தடுக்க மட்டுமே முடியும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்குரிய 3 ஆண்டுக் கெடு கடந்த பின்னும் இக்கேடயம் செல்லும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, உரிமையாளராகவும் ஆகாமல் வெளியேற்றவும் படாமல் ஒருவர் ஆயுள் முழுதும் அவ்வீட்டில் இருக்கலாம். விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பால் மட்டும் தினமும் காய்ச்சலாம்.

சட்டம் கொடுத்ததைச் சட்டமே சுருக்கியது. 2001 செப்டம்பர் 24ஆம் நாள் முதல், அந்த ஒப்பந்தமும் பதிவாகியிருந்தால்தான் 53ஏ பாதுகாப்பு உண்டு. முத்திரைத் தீர்வை ஏய்ப்பைத் தடுப்பது நல்ல நோக்கமே. ஆயினும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு குடிபுகும் சிற்றூர்க்காரர் கையிலிருந்த கேடயம் அன்றோடு போயிற்று. தமிழ்நாடு 2012இல் கிரய ஒப்பந்தப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சான்றாகக் காட்டலாம் என்று 2023இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடியிருப்பைக் காக்காத தாள் கிரயத்தைக் கேட்க உதவும் என்பது விந்தைதான். இதற்கிடையில் 2011இல், பொது அதிகாரப் பத்திரம் கொடுத்து வீட்டை 'விற்கும்' வழக்கம் உரிமை மாற்றமாகாது என்றும் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பதிவு வாயிலே மூடப்பட்ட காலமும் ஒன்றுண்டு. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லா மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வயல்களைக் கூறுபோட்ட மனைப்பிரிவுகள் தமிழகமெங்கும் அப்படியே நின்றன. முழுப் பணமும் கொடுத்துக் கூரை போட்டுவிட்டவருக்கும் பத்திரம் இல்லை. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்த பிறகே வழி பிறந்தது. அந்த மாதங்களில் குடிபுகுந்தவரின் தவறு என்ன என்று மாணவர் ஒருவர் வகுப்பில் நம்மைக் கேட்டார். நல்ல நாள் பார்த்தார், அவ்வளவே.

சமவெளியில் இந்த இடைவெளி மாதக்கணக்கு, மிஞ்சினால் ஆண்டுக்கணக்கு. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் அது தலைமுறைக் கணக்காகிவிடுகிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்னும் மரபுக்கதையை உடையவர்கள். அவர்கள் விலை பேசி வந்தவர்கள் அல்லர்; ஆனால் பத்திரத்துக்கு முன்னே வீடு என்னும் நிலை அவர்களுக்கும் உரியது. மலை முழுதும் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தது. குடிகள் ஜாகிர்தாருக்கு வரி செலுத்தி உழுதனர். சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. இம்மலை அரசின் கைக்கு வந்ததோ 1976இல். ஆட்சி இருந்தது, அயலார் காட்சி இருந்தது, ஆவணம்தான் இல்லை. 2024இல் மலைமக்களின் வாழ்நிலை குறித்து உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தபோது இந்த ஜாகிர் வரலாறு மீண்டும் பேசப்பட்டது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டுநிலத்தில் குடியிருந்து உழுத பழங்குடியினருக்கு 4 ஹெக்டேருக்கு மிகாமல் உரிமை தர முன்வந்தது. நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்கல் 2008 முதல் 2016 வரை முடங்கிக் கிடந்தது தனிக்கதை. அச்சட்டத்தின் விதிகளில் 13ஆவது விதி எவை சான்றாகும் என்று பட்டியலிடுகிறது. அரசு ஆவணங்கள் முதலில் வருகின்றன. அவற்றோடு வீடு, குடிசை, கிணறு, இடுகாடு போன்ற கண்கூடான அடையாளங்களும் வருகின்றன. உரிமை கோருபவர் அல்லாத ஊர் முதியோர் சொல்லி எழுதிக்கொள்ளும் வாக்குமூலமும் வருகிறது. திருவெண்ணெய்நல்லூர் அவை கேட்ட அதே மூன்றும் வரிசை மாறி வந்திருக்கின்றன. இவ்வாறு கிடைக்கும் உரிமை பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. ஆகவே அந்நிலத்துக்குக் கிரயப் பத்திரம் எழுதும் நாள் என்று ஒன்று வரப்போவதில்லை.