இதயக்கனி காடும், ஒரே பெயரில் இரண்டு ஊர்களும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் விஸ்வநத்தம், சிவகாசிப் பக்கம் தீபாவளி முடிந்தால்தான் மூச்சு விட நேரம் கிடைக்கும். பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும் அந்த நாட்களில் தெருவுக்கு ஒரு வேன் கிளம்பும். வேளாங்கண்ணி, நாகூர், சிதம்பரம் என்று ஒரு சுற்று. அண்மைக்காலமாக அந்தப் பட்டியலில் பிச்சாவரமும் சேர்ந்திருக்கிறது. "அங்க என்ன சார் இருக்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டார்: "இதயக்கனி எடுத்த இடம்ப்பா. வாத்தியார் படகுல போவாருல்ல!" வாத்தியார் என்றால் எங்களை அல்ல, எம்.ஜி.ஆரைக் குறித்த காலத்து மனிதர் அவர்.

அவர் சொன்னது சரி. ஆனால் அந்தக் காட்டில் படகேறுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

சினிமாவில் பார்த்த இடத்தைப் படகிலும் கப்பலிலும் போய்ப் பார்ப்பது இன்று உலகம் முழுக்கப் பெரிய வியாபாரம். குரோஷியா நாட்டில் துப்ரோவ்னிக் என்று கடலோரக் கோட்டை நகரம் ஒன்று. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரை அங்கே எடுத்தார்கள். அதன்பின் சொகுசுக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று நகர நிர்வாகம் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. அங்கே போகிறவர்கள் எந்தப் படிக்கட்டில் எந்த ராணி நடந்தாள் என்று தேடிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1991-இல் அதே நகரத்தை முற்றுகையிட்டு நிஜமாகவே குண்டு வீசினார்கள். கோட்டை மதிலில் நின்று பார்த்தால் கூரைகளில் புது ஓடும் பழைய ஓடும் கலந்து தெரியும். புது ஓடுகளில் பெரும்பாலானவை அந்தப் போருக்குப் பிறகு வேய்ந்தவை. தொடரில் வரும் பொய்ச் சண்டையைத் தேடி வந்தவர்கள், நிஜச் சண்டையின் தழும்புக்கு மேலே நின்று கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள்.

தாய்லாந்தில் மாயா விரிகுடா. 'தி பீச்' என்ற படம் 2000-இல் வந்தது. படத்துக்காக அங்கே தென்னை நட்டார்கள், மணல் மேட்டைக் கலைத்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. பிறகு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் படகில் வந்து இறங்கி, பவளப்பாறையே செத்துப்போகும் நிலை. 2018 ஜூனில் மூடினார்கள். திரும்பத் திறந்தது 2022 ஜனவரியில். இப்போது அந்த விரிகுடாவுக்குள் படகு நுழையக் கூடாது. தீவின் பின்பக்கம் இறங்கி நடந்துதான் வரவேண்டும்.

நம் ஊரிலும் இந்த ஆசை வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே ஆண்டு 'பொன்னியின் செல்வன்' வந்தபோது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அந்தப் பெயரிலேயே ஒரு சுற்றுலாவும் நடத்தியது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தொடங்கியது தாய்லாந்தில். படம் பிடித்த இடம் ஒன்று, நாம் பார்க்கப் போகும் இடம் வேறு! ஆனாலும் அதனால் நாலு பேர் தஞ்சாவூர் பார்த்தார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான்.

பிச்சாவரம் அப்படி இல்லை. படம் பிடித்த இடமும் பார்க்கும் இடமும் ஒன்றே. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகள், அவற்றைப் பிரிக்கும் உப்பங்கழிகள். மரமெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கும். அலையை ஆற்றுவதால் அலையாத்திக் காடு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்திருக்க மாட்டார். ஆனால் விஷயத்தை ஐந்தே எழுத்துக்குள் சொல்ல முடிந்திருக்கிறது.

இரண்டு மரங்களைப் பார்த்தால் போதும். ஒன்று சுரபுன்னை. கிளையிலிருந்து விழுதுபோல் வேர் இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். அதன் விதை, மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய்போல நீண்டு, பிறகு விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். இன்னொன்று வெண்கண்டல். வேர் தரைக்கு மேலே பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் காற்று இல்லாததால் மேலே வந்து மூச்சு விடுகிறது. இவற்றோடு தில்லை மரமும் அங்கே உண்டு. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். கோயிலுக்குப் போகிற பாதிப் பேருக்கு இது தெரியாது.

இப்போது படத்துக்கு வருகிறேன். 'இதயக்கனி' 1975 ஆகஸ்ட் 22-இல் வெளிவந்தது. சத்யா மூவீஸ் தயாரிப்பு, ஏ. ஜெகந்நாதன் இயக்கம், ராதா சலுஜா கதாநாயகி. தலைப்பு, எம்.ஜி.ஆரை அண்ணா அழைத்த சொல். எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்தது, நாட்டில் நெருக்கடி நிலை. படத்தின் தொடக்கப் பாட்டில் குடகிலிருந்து வரும் காவிரியைச் சொல்வார்கள். அதே காவிரியின் கிளையான கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்துக் காட்டிலும் படம் பிடித்தார்கள். யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, பூகோளம் பொருந்தித்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, 1977-இல், எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனபோது சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி நம் பக்கத்து அருப்புக்கோட்டை. அதனால் நம் பக்கத்தவர்களுக்கு அந்தக் காட்டின்மேல் ஒரு சொந்தம் இருப்பதில் ஆச்சரியமில்லை. பிறகு 'தசாவதாரம்', 'துப்பறிவாளன்' படங்களுக்கும் அங்கே போனார்கள். என்றாலும் படகில் ஏறினால் காதில் விழும் முதல் பெயர் இதயக்கனிதான்.

எம்.ஜி.ஆர். பெயர் அங்கே ஊராகவும் நிலைத்தது. அதுவும் இரண்டு ஊர்.

ஒன்று எம்.ஜி.ஆர். திட்டு. கடலோரம், முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டில் மீனவர் குப்பம். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. மீன்பிடிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

மற்றது எம்.ஜி.ஆர். நகர். காட்டுக்குப் பின்னால், நிலப் பக்கம். இருளர் குடியிருப்பு. இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்கள் என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். பிச்சாவரத்து இருளர் கழியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். படகு இல்லை, வலை இல்லை. பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பரம்பரை மீனவர் பட்டியலிலும் அவர்களுக்கு இடமில்லை. ஊருக்குள்ளும் ஓரம்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மணலில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு சிதைந்துபோனது. பக்கத்து முழுக்குத்துறை, சின்னவாய்க்காலிலும் பேரழிவு. காட்டுக்குப் பின்னால் இருந்த எம்.ஜி.ஆர். நகர், கலைஞர் நகர், வடக்குப் பிச்சாவரம், டி.எஸ்.பேட்டை ஆகிய ஊர்கள் தப்பின. அலை மரங்களுக்குள் புகுந்து, ஆயிரம் வாய்க்காலில் பிரிந்து, வேகம் ஆறி, ஊருக்கு வரும்போது வெறும் வெள்ளமாகத்தான் வந்தது.

பட்டாசு ஊரில் பிறந்தவனுக்கு இது சட்டென்று புரியும். எங்காவது வெடிவிபத்து என்றால் நாலு நாள் தொலைக்காட்சி வண்டி நிற்கும். எந்த அறைக்கு எவ்வளவு தள்ளி எந்த அறை இருந்தது, நடுவே சுவர் இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் யார் மாலை வீடு திரும்பினார் என்பது முடிவாகும். ஐந்தாம் நாள் செத்தவர்கள் ஓர் எண்ணிக்கை ஆகிவிடுவார்கள்.

சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறையைச் சேர்ந்தவர்கள் அந்தக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடு உயிரைக் காத்தது என்று எழுதினார்கள். 2005-இல் 'சயின்ஸ்' இதழிலும் இந்தக் கரையைப் பற்றிக் கட்டுரை வந்தது. உடனே மறுப்பும் எழுந்தது. ஊர் எவ்வளவு மேட்டில் இருந்தது, கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம், மரத்துக்கு முழுப் பெருமையும் கொடுக்காதீர்கள் என்றார்கள் சிலர். நியாயமான கேள்விதான். மரம், மேடு, தூரம் மூன்றும் சேர்ந்தே காத்தன என்பது என் எண்ணம். அலையாத்தி வளர்வது கடலுக்கும் ஊருக்கும் நடுவில். காடு இருந்தாலே ஊர் தள்ளித்தான் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கொடுத்ததும் காடுதானே!

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தக் காடு பழமையானது, தானாக அப்படியே இருக்கிறது என்று படகில் போகிறவர்கள் நினைப்பார்கள். இல்லை. வெள்ளைக்காரன் காலம் முதல் 1970-கள் வரை இதை முறைவைத்துப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள், விறகுக்கும் மற்றதற்கும். வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து மண் காய்ந்து அமுங்கி, தாம்பாளம்போல் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல் நீர், இறங்கும்போது வெளியேற வழியில்லை. வெயிலில் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். மறுபடி நீர், மறுபடி உப்பு. கடைசியில் உப்பு தாங்கும் அலையாத்தியே தாங்காத உப்பு. அப்படித்தான் பொட்டல் ஆனது. பழியை மட்டும் மாடு மேய்த்தவர்கள்மீதும் சுள்ளி பொறுக்கிய ஏழைகள்மீதும் போட்டார்கள்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தது. வைத்தியம் மிக எளியது. வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே பெரிய வாய்க்கால், இருபக்கமும் மீன் முள்போலக் கிளை வாய்க்கால்கள். ஓதம் வந்தது, போனது. உப்பு கழுவப்பட்டது. கரையில் வெண்கண்டல் நட்டார்கள். அதில் உழைத்தவர்களில் காட்டை அழித்தவர்கள் என்று பழி சுமந்த அந்த ஊர்க்காரர்களும் உண்டு. 2004-க்கு முன்பே அந்த மரங்கள் வேர் பிடித்துவிட்டன. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதாவது உலக அளவில் பாதுகாக்க வேண்டிய ஈரநிலம்.

எம்.ஜி.ஆர். பாட்டுப் போட்டுப் படகு ஓட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெயரால்தான் நம் வேன் அங்கே போகிறது, படகுக்காரர் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் அரசுப் படகுத்துறையில் ஒரு பலகை வைக்கலாம். இன்ன படம் எடுத்த இடம் என்று எழுதும்போது, அதன் கீழேயே எம்.ஜி.ஆர். திட்டில் போனவர்களைப் பற்றி இரண்டு வரி, வாய்க்கால் வெட்டியவர்களைப் பற்றி இரண்டு வரி. செலவு அதிகம் ஆகாது. வேண்டுமானால் சிவகாசியில் மலிவாக அச்சடித்துத் தருவார்கள்!

போகிறவர்களுக்கு ஒரு விவரம். இயந்திரப் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும், பறவையும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும். படகுக்காரர் ஷூட்டிங் நடந்த இடத்தைக் காட்டி முடித்ததும், "அண்ணே, எம்.ஜி.ஆர். திட்டு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அவர் கிழக்கே கை காட்டுவார். பிழைத்தவர்கள் நிலப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே இப்போது யாரும் குடியிருக்கவில்லை.