காணாத் துகளைத் தேடியவர்

புனே நகரைக் கல்வியின் உறைவிடம் என்று போற்றுவர். அப்புகழுக்குரியோருள் ஒருவர் இயற்பியல் அறிஞர் ரோகிணி கோட்போலே. 1952ஆம் ஆண்டு இந்நகரில் பிறந்து, இங்குள்ள சர் பரசுராம்பாவ் கல்லூரியில் பயின்று, மும்பையிலும் அமெரிக்காவிலும் உயர்கல்வி பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் அவர்.

அவர் ஆராய்ந்தவற்றுள் தலையாயது மீச்சமச்சீர்மை என்னும் கொள்கை. பொருளை ஆக்கும் துகள்கள், விசையைச் சுமக்கும் துகள்கள் என இயற்கையில் இரு குலங்கள் உண்டு. ஒவ்வொரு துகளுக்கும் மறு குலத்தை ஒத்த இணை ஒன்று இருத்தல் வேண்டும் என்பது 1970களில் உருப்பெற்ற இக்கொள்கையின் சாரம். எலக்ட்ரானின் இணைக்குச் 'செலக்ட்ரான்' என்று பெயரும் சூட்டிவிட்டனர். துகளைத்தான் எவரும் கண்டிலர்! மானுவல் டிரீஸ், புரோபிர் ராய் ஆகியோருடன் கோட்போலே எழுதி 2004இல் வெளிவந்த நூல், இத்துகள்களைப் பற்றி விரிவாகக் கூறுவது.

காணாததை எவ்வாறு தேடுவது? ஜெனீவாவை அடுத்து, நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை எதிரெதிரே மோதவிடுகின்றனர். சிதறும் துகள்களின் பக்கவாட்டு உந்தங்களைத் திசையறிந்து கூட்டினால் விடை சுழியாதல் வேண்டும். ஆகாவிடின், கருவிக்குப் புலப்படாத ஏதோ ஒன்று நழுவியது என்று பொருள். நியூட்ரினோ என்னும் துகளும் அவ்வாறே நழுவுமாதலின், அதன் பங்கையும் கழித்துப் பார்த்தல் வேண்டும். வரவும் செலவும் ஒட்டாத பேரேட்டை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்த என் போன்ற அலுவலக எழுத்தர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. மீச்சமச்சீர்த் துகள் ஒன்றேனும் இதுவரை அகப்படவில்லை. ஆயினும், குளூயினோ என்னும் துகள் இருக்குமாயின், அது புரோட்டானைப்போல் ஏறத்தாழ 2000 மடங்குக்கும் மேற்பட்ட எடையுடையதாதல் வேண்டும் என்பது பல கணிப்பு மாதிரிகளில் தெளிவாகியுள்ளது. 2006இல் புனேயில் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தாரும் இத்தேடலில் பங்கு கொண்டுள்ளனர்.

2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கோட்போலே, 2024 அக்டோபர் 25 அன்று புனேயிலேயே மறைந்தார். தேடிய துகள் அவர் வாழ்நாளில் கிட்டவில்லை. அதனால் அவர்தம் உழைப்பு வீணாயிற்றா? அலுவலகத்தில் தொலைந்த கோப்பைத் தேடுபவர், எந்தெந்த அலமாரியில் அது இல்லை என்பதை ஒழுங்காகக் குறித்து வைப்பின், அடுத்து வருபவர்க்குப் பாதி வேலை முடிந்தது. 'இங்கு இல்லை' என்று நேர்மையோடு எழுதுவதும் அறிவே. தேர்வில் விரும்பியது கிட்டாமல் சோர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்வம்மையாரின் வரலாற்றைச் சொல்லுவோமாக.