கைமாறும் ஒலி

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போனால், செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. படப்பிடிப்பு நகரம் வரும். அங்கோ வேறெங்கோ நீங்கள் படப்பிடிப்பைப் பார்த்திருந்தால் ஒரு காட்சி நினைவில் இருக்கும். காமிராவுக்கு முன்னால் ஓர் இளைஞர் கிளாப் பலகையை நீட்டுகிறார். காட்சி எண்ணை உரக்கச் சொல்கிறார். மேல் கட்டையைக் கீழ்க் கட்டையின் மீது 'டப்' என்று அடித்துவிட்டு விலகி ஓடுகிறார். நடிகர்கள் தொடங்குவதற்கான சைகை அது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், அந்த இடத்திலேயே இல்லாத ஒருவருக்காக அந்த அடி அடிக்கப்படுகிறது. பல நாள்கள் கழித்து வடபழனியிலோ மும்பையிலோ ஓர் இருட்டறையில் அமர்ந்து, இந்த ஒலியை முதன்முறையாகக் கேட்கப் போகிறவருக்காக!

படம் ஒரு கருவியிலும் ஒலி வேறொரு கருவியிலும் பதிவாகின்றன. கட்டைகள் ஒன்றையொன்று தொடும் படச்சட்டத்தையும், ஒலியில் 'டப்' விழும் இடத்தையும் நேர்நேராக வைத்துவிட்டால் பேச்சும் உதடும் ஒட்டிக்கொள்ளும். எளிய ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய சிக்கலின் விடை இருக்கிறது.

பதிவான ஒலிக்கு மறதி அதிகம். தான் எப்போது தொடங்கியது, எந்த வேகத்தில் ஓடியது, எவ்வளவு உரக்க இருந்தது என்ற மூன்றையும் அது தானாகச் சொல்லாது. பதிவு செய்தவரே அதைக் கலக்கவும் செய்தால் கவலையில்லை. எல்லாம் அவர் நினைவில் இருக்கும். வேறொருவர் கைக்கு மாற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இந்த மூன்று செய்திகளையும் ஒலியோடு கட்டி அனுப்ப மனிதன் என்னென்ன செய்தான் என்று பார்ப்போமா?

1927இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்தின் ஒலி இசைத்தட்டில் இருந்தது. ஒரு படச்சுருளுக்கு ஓர் இசைத்தட்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஏறக்குறைய 11 நிமிட ஓட்டம். தட்டின் மீது முள் வைக்க வேண்டிய இடம் அம்புக்குறியால் காட்டப்பட்டிருக்கும். படச்சுருளிலும் ஒரு தொடக்கச் சட்டம் இருக்கும். இரண்டையும் பொருத்திவிட்டுக் கருவியை ஓட்ட வேண்டும். சுருள் அறுந்து நான்கு சட்டங்கள் போய்விட்டால், அதே அளவுக்கு நான்கு கறுப்புச் சட்டங்களை ஒட்டியாக வேண்டும். சோம்பலாக அறுந்த முனைகளை மட்டும் ஒட்டி ஓட்டினால், அதற்குப் பின் வரும் பேச்செல்லாம் உதட்டோடு ஒட்டாமல் பிந்தி வரும்.

நம் நாட்டின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' (1931) இந்தத் தொல்லையை வேறு வழியில் தவிர்த்தது. படமும் ஒலியும் ஒரே காமிராவில், ஒரே பிலிமில் பதிவாயின. கைமாற்றிக் கொடுக்க எதுவுமே இல்லை. அதனால் திருத்தவும் வழியில்லை. இசைக் கலைஞர்கள் காமிராவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு வாசித்தார்கள். படப்பிடிப்பு நிலையத்தின் அருகே இரயில் பாதை இருந்ததால், வண்டிகள் ஓடாத நள்ளிரவு வேளைகளில் படம் பிடித்தார்கள். அதே 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' கூடப் பம்பாயில் தயாரானதே.

சென்னைக்குப் பேசும்படக்கூடம் 1934இல் வந்தது. ஏ. நாராயணன் தொடங்கிய சீனிவாசா சினிடோன் அது. நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் அதே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் மறுமுனையில், கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. அங்கே ஒலிப்பதிவு செய்தவர் நாராயணனின் மனைவி மீனாட்சி. ஒலிப்பதிவில் இந்தியப் பெண்களுக்கு முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். பெண்கள் திரையில் தோன்றுவதையே ஊர் ஏசிய காலத்தில் ஒருவர் கருவிக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்! அவரைப் பற்றி நம் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

1938இல் ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடல் வந்தது. பாட்டை முதலில் பதிவு செய்து, பிறகு படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, நடிப்பவர் அதற்கேற்ப வாயசைப்பது. ஒலி இப்போது ஓர் இடத்தில் பிறந்து இன்னோர் இடத்தில் பயன்படத் தொடங்கிவிட்டது. 1944இல் கன்னட 'அரிச்சந்திரா' தமிழ்ப் பேச்சோடு வெளிவந்தது. மொழிமாற்றம் என்றால் பேச்சு மட்டும் மாற வேண்டும். வாள் ஓசையும் வாத்திய இசையும் அப்படியே இருக்க வேண்டும். பேச்சு, இசை, ஓசை மூன்றையும் தனித்தனியாக வைத்திருப்பவருக்குத்தான் அது எளிது. மூன்றும் ஒன்றாகக் கலந்த பின் பிரிப்பது, சாம்பாரிலிருந்து புளியை எடுப்பது போன்றது.

காந்த நாடா ஜெர்மனியில் 1930களில் உருவாகி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மற்ற நாடுகளுக்குப் பரவியது. திரைப்படத்துக்காக, படச்சுருளைப் போலவே ஓரத்தில் துளையிட்ட 35 மி.மீ. காந்தப் பிலிம் வந்தது. துளைகள் பற்சக்கரத்தில் மாட்டிக்கொள்வதால் வேகம் பிசகாது. விநாடிக்கு 24 சட்டம், அடிக்கு 16 சட்டம்; ஆக நிமிடத்துக்கு 90 அடி. கலவைக் கூடத்தில் பேச்சுக்கு ஒரு சுருள், இசைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, காலடி ஓசைக்கு ஒன்று எனப் பல கருவிகள் ஒரே தாளத்தில் ஓடும். கலவையாளர் முன்னால் ஒரு விளக்கத்தாள் இருக்கும். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு பத்தி. 142ஆம் அடியில் கதவு, 150ஆம் அடியில் மழை என்று அதில் குறித்திருக்கும். படத்தைப் பார்த்திராதவர்கூட, கதவு 1 நிமிடம் 35ஆம் விநாடியில் சாத்தப்படுகிறது என்று அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.

மழை 150ஆம் அடியில்தான் வருகிறதென்றால், அதற்கு முந்திய 150 அடிக்கு அந்தச் சுருளில் என்ன இருக்கும்? ஒன்றும் இல்லாத வெற்றுப் பிலிம். ஆனால் சரியாக 150 அடி நீளத்துக்கு. மௌனத்தையும் அளந்து அனுப்பினார்கள்! இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக் காலத்தில் மீண்டும் சந்திப்போம்.

வெளிப்புறப் படப்பிடிப்புக்குத் துளையிட்ட பிலிமும் அதன் பெரிய கருவியும் ஒத்துவரவில்லை. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951இல் தோளில் மாட்டக்கூடிய ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். அதன் பெயர் நாக்ரா. போலந்து மொழியில் 'பதிவு செய்யும்' என்று பொருள். சாதாரண நாடாவில் துளை இல்லை. அது நீளும், சறுக்கும். எனவே பின்னர் வந்த நாக்ராவில், காமிராவின் மோட்டாரோடு இசைந்த ஒரு மின் துடிப்பும் ஒலியுடன் சேர்ந்து பதிவாகும்படி செய்தார்கள். நாடாவை மீண்டும் ஓட்டும்போது இந்தத் துடிப்பைப் பார்த்தே வேகத்தைச் சரிசெய்வார்கள். கண்ணுக்குத் தெரியாத துளை என்று சொல்லலாம். 1960களின் பிற்பகுதியில் இதற்கு அடுத்த படியாக நேரக் குறியீடு வந்தது. மணி, நிமிடம், விநாடி, சட்டம் நான்கையும் 80 துண்டுக் குறிகளாக மாற்றி ஒவ்வொரு சட்டத்துக்கும் எழுதுவது அது.

உரப்பின் அளவுக்கும் ஒரு வழி கண்டார்கள். சென்னைக் கடற்கரை வானொலி நிலையத்தில் பேசியவரின் குரல் ஆவடியில் இருந்த ஒலிபரப்பியை அடைந்த பிறகே மத்திய அலையாக வான் ஏறியது. அனுப்புகிறவர் ஓரிடம், பெறுகிறவர் வேறிடம். இப்படிப்பட்ட இடங்களில் பொறியாளர்கள் விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள, ஏறாமல் இறங்காமல் ஒலிக்கும் ஒரே சுரத்தை முதலில் அனுப்புவார்கள். பெறுகிறவர் தம் அளவுமானியின் முள்ளை அதற்கேற்ப வைத்துக்கொள்வார். ஒலிநாடாக்களின் தொடக்கத்தில் வரும் 'பீ...' ஓசையும் இதுவே. திரைப்படத்தில், முதல் படச்சட்டத்துக்குச் சரியாக 2 விநாடி முன்னால், ஒரே ஒரு சட்ட நேரத்துக்கு இதே சுரத்தை வைப்பார்கள். தொடக்கத்தைக் காட்டும் குறி அது.

ஒரு சட்டம் பிசகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு சட்டம் என்பது ஏறக்குறைய 42 மில்லி விநாடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் 14 மீட்டர் போய்விடும். பேச்சு படத்துக்கு 45 மில்லி விநாடி முந்தினாலே கண்டுகொள்கிறோம்; பிந்தினால் 125 மில்லி விநாடி வரை பொறுத்துக்கொள்கிறோம். ஏன் இந்த ஓரவஞ்சனை? தூரத்தில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் விழுந்த பிறகே ஓசை வருகிறது. இயற்கையில் ஒலி ஒளிக்குப் பிந்தியே வந்து நம்மைப் பழக்கியிருக்கிறது.

கணினி வந்ததும் மறதி போய்விட்டதா? வேறு உருவில் நீடிக்கிறது. திரைப்படத்துக்கு விநாடிக்கு 48,000 மாதிரிகளும், இசைக் குறுந்தகட்டுக்கு 44,100 மாதிரிகளும் எடுப்பது வழக்கம். முதலாவதை இரண்டாவது என்று எண்ணி ஓட்டினால் 3 நிமிடப் பாடல் 3 நிமிடம் 16 விநாடி ஆகும். சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுர அளவு இறங்கும். பாடகர் சளி பிடித்தவர் போலத் தோன்றுவார்! 1997இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஒரு கோப்பு முறையை வகுத்தது. நள்ளிரவிலிருந்து எத்தனையாவது மாதிரியில் பதிவு தொடங்கியது என்ற எண்ணையும் கோப்பே சுமந்து செல்லும்.

ஆயினும் கருவி எல்லாவற்றையும் செய்துவிடாது. ஒரு பாடலை வேறொரு கலவையாளருக்கு அனுப்புகிறவர், குரலையும் தபேலாவையும் வயலினையும் தனித்தனிக் கோப்புகளாக்குகிறார். வயலின் 1 நிமிடம் 10ஆம் விநாடியில்தான் நுழைகிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால், பெறுகிறவர் அதை எங்கே வைப்பார்? எனவே எல்லாக் கோப்புகளும் பாடலின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வர வேண்டும். வயலினுக்கு முன்னால் 70 விநாடி மௌனம். பழைய வெற்றுப் பிலிம் திரும்பி வந்துவிட்டது பாருங்கள்!

அதுபோலவே, குரலுக்குக் கோயில் மண்டபத்தின் முழக்கத்தைச் சேர்த்து மகிழ்ந்திருந்தாலும் அதை நீக்கிய வெறுங்குரலையே அனுப்ப வேண்டும். முழக்கத்தைச் சேர்ப்பது எளிது, எடுப்பது அரிது. முழக்கமே பாட்டின் உயிர் என்றால் இரண்டையும் அனுப்பலாம். உரப்பு எல்லை மீறி அலையின் உச்சி வெட்டுப்பட்டிருந்தால், பிறகு ஒலியைக் குறைத்தாலும் வெட்டு போகாது. கோப்புக்கு 'ஆடியோ 17' என்று பெயரிட்டால் அது எந்த வாத்தியம் என்பது அனுப்பியவருக்கே மறுவாரம் தெரியாது. எல்லாவற்றோடும் தாம் தோராயமாகக் கலந்த ஒரு பதிவையும் வைப்பது நல்லது. என்ன நினைத்தார் என்பதை அந்தப் பதிவு சொல்லிவிடும்.

தமிழ்ப் படங்களில் நெடுங்காலம் வெளிப்புறத்தில் பதிவான பேச்சு வெறும் வழிகாட்டியாகவே இருந்தது. பிறகு டப்பிங் கூடத்தில் அதைக் கேட்டுக்கொண்டே மறுபடி பேசினார்கள். அதனால் பதிவு செய்பவருக்கும் கலப்பவருக்கும் இடையே நுட்பமான பரிமாற்றம் தேவைப்படவில்லை. 'லகான்' (2001) இந்திப் படத்தில் நிலை வேறு. குஜராத்தின் கட்ச் பகுதியில், திறந்த வெளியில், நகுல் காம்தே பதிவு செய்த பேச்சே படத்தில் இடம்பெற்றது. ஒலிக்கலவை செய்தவர் சென்னையைச் சேர்ந்த எச். ஸ்ரீதர். தேசிய விருதை இருவரும் பகிர்ந்துகொண்டனர். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு 2009இல் கிடைத்த ஒலிக்கலவை ஆஸ்கார், படப்பிடிப்பில் பதிவு செய்த ரசூல் பூக்குட்டிக்கும் பின்னர் கலந்த இயன் டாப், ரிச்சர்ட் பிரைக் ஆகியோருக்கும் சேர்ந்தே போயிற்று.

கலந்ததைப் பிரிக்க இன்று கணினி முயல்கிறது. ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் ஒரு கேசட்டில் பியானோவும் குரலுமாகப் பதிந்த பாட்டை 1995இல் மற்ற பீட்டில்ஸ் கலைஞர்கள் முடிக்க முயன்று கைவிட்டனர். கற்றுக்கொள்ளும் கணினி நிரல் குரலைப் பிரித்துக் கொடுத்த பின், 2023இல் 'நௌ அண்ட் தென்' என்று அது வெளிவந்தது. வியப்புத்தான். எனினும் தனிச் சுருள்கள் அழிந்து, திரையிடும் பிரதி மட்டுமே எஞ்சிய பழைய படங்களுக்கு இத்தகைய பிரிப்பு ஓர் ஊகமே. அசல் அங்கே இல்லை.

ஒரு சோதனை செய்து பார்க்கிறீர்களா? இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்து ஒலிப்பதிவைத் தொடங்குங்கள். ஒருமுறை கை தட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, பதிவை நிறுத்தாமலேயே, மறுபடி ஒருமுறை தட்டுங்கள். இரு பதிவுகளையும் கணினியில் ஏற்றி முதல் தட்டலைப் பொருத்துங்கள். இரண்டாவது தட்டல் பொருந்துகிறதா? இரு கைப்பேசிக் கடிகாரங்களின் ஓட்டத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் 36 மில்லி விநாடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு சட்டம், விலகியிருக்கும். உங்களுக்குக் கிடைத்த விலகலை 3,600ஆல் வகுத்தால், உங்கள் கைப்பேசிகள் விநாடிக்கு எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரிந்துவிடும்.