கட்டை கட்டியவர்களின் பிடிவாதம்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு இறங்கி ஓடும் ஊர்களில், திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்துதான். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம். கடைசியில் பாய் விரித்துக் கிடப்பவனுக்கும் கேட்கவேண்டும் என்று உச்சக்குரலில் பாடுவார்கள்.

பிறகு ரெக்கார்டு டான்சும் ஆர்கெஸ்ட்ராவும் வந்து திருவிழாப் பணத்தை அள்ளின. கூத்துக்காரரிடமே "நடுவில் ஒரு சினிமாப் பாட்டு வையுங்கள்" என்று கேட்ட ஊர்கள் உண்டு. நகரத்திலோ 'நாட்டுப்புறக் கலை' என்று பெயர் சூட்டி, எட்டு மணி நேரக் கூத்தை ஒரு மணி நேரமாக நறுக்கினார்கள். எனக்கு இதுதான் பெரிய அவமானமாகப் படுகிறது.

இதை எதிர்த்து நின்றவர்களில் பெருங்கட்டூர் பி. ராஜகோபால் முக்கியமானவர். சிறுவயதிலேயே வேடம் கட்டியவர். 'தெருக்கூத்து' என்ற பெயரையே அவர் ஏற்கவில்லை. தெருவில் கிடக்கும் மலிவுச் சரக்கு போல அது ஒலிக்கிறதாம். கிரீடம், புஜகீர்த்தி முதலிய மரக்கட்டை அணிகளைக் கட்டி ஆடுவதால் 'கட்டைக்கூத்து' என்பதே சரி என்றார். 1990ல் மனைவி ஹானே டி புரூயினோடும் சக நடிகர்களோடும் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார். 2002ல் குருகுலம். ஆண்களே பெண் வேடம் கட்டிய கலையில் அங்கே சிறுமிகளும் பயின்றார்கள். பழமையைக் காப்பதாகச் சொல்லும் பலர் இந்த அளவுக்குத் துணிவதில்லை.

அமெரிக்காவிலும் 1970களில் இப்படி ஒரு கலகம் நடந்தது. நாஷ்வில் கம்பெனிகளின் மெருகு வேண்டாம் என்று வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ் முதலிய கிராமியப் பாடகர்கள் முரண்டு பிடித்தார்கள். 1976ல் அந்தக் கலகக்காரர்கள் பெயரிலேயே கம்பெனி ஓர் இசைத்தட்டு போட்டது. பத்து லட்சம் விற்றது! நம் கூத்துக்காரர் முரண்டு பிடித்தால் மறுநாள் கழனிக்கூலிக்குத்தான் போகவேண்டும்.

செய்யாறு பக்கத்துப் புரிசையின் வழி வேறு. கண்ணப்பத் தம்பிரான் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையோடு சேர்ந்து வேலை செய்தார். அவர் மகன் சம்பந்தத் தம்பிரான் ஆரியான் ம்னூஷ்கினின் பிரெஞ்சு நாடகக் குழுவுக்குக் கூத்து கற்பித்தார். 2016ல் பாரிஸில் அரங்கேறிய 'ஊன் ஷாம்ப்ர் ஆன் ஆந்த்' நாடகத்தில் ('இந்தியாவில் ஓர் அறை' என்று பொருள்) வெளிநாட்டு நடிகர்கள் பாரதக் காட்சிகளைத் தமிழிலேயே பாடி ஆடினார்கள்.

இங்கே போளூர், ஆரணிப் பக்கத்து ஊர்க்கூட்டங்களில், "கூத்தா, ஆர்கெஸ்ட்ராவா?" என்ற பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.