அன்னையரை மறந்த கொடிவழி
கி.பி. 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனை அயலான் எனக் கருதுவோர் உளர். தந்தையர் பெயர்களை மட்டும் அடுக்கினால், அவன் வேங்கிக் கீழைச் சாளுக்கியனே. அன்னையரையும் எழுதிப் பார்ப்போம்.

முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை (தமக்கை குந்தவை வேறு) வேங்கி விமலாதித்தனுக்கு மணமுடித்தான். அவர்தம் மகன் இராசராச நரேந்திரன், தாய்மாமன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். இவ்விருவரின் மைந்தனே குலோத்துங்கன். அவனும் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியையே மணந்தான்.

ஆகவே, தந்தை வழியிலும் தாய் வழியிலும் அவன் இராசராசனுக்குக் கொள்ளுப்பேரன். சோழர் இல்லத்து மருமகனுங்கூட. அயலான் என்பது எங்ஙனம் பொருந்தும்?

நம் இல்லங்களில் எழுதப்படும் கொடிவழிகளிலும் பெண்மக்கள் பெயர் விடுபடுமாயின், உறவினரே அயலாராய்த் தோன்றுவர்.