மறுக்கப்பட்ட விண்ணப்பமும் குரோம் தோலின் வரலாறும்

ஆராய்ச்சிக்கு அறிவும் உழைப்பும் மட்டும் போதா, பொருளும் வேண்டும். பொருள் தருவோர் கைவிரித்துவிட்டால் ஆராய்வோர் என் செய்வர்? இவ்வினாவிற்குரிய விடையை நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாய் உழைத்த தோல் தொழிலின் வரலாற்றிலேயே அது அடங்கியுள்ளது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பெற்ற சென்னை மாகாணத் தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் சந்தையில் பெயர் பெற்றிருந்தது. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பார் குரோம் உப்பினால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டைக் குழியில் பல வாரங்கள் கிடக்க வேண்டிய தோல், இம்முறையில் சில நாள்களிலேயே பதமாயிற்று. அமெரிக்க ஆலைகள் இங்கிருந்து பச்சைத் தோலையே வாங்கத் தொடங்கின; பதனிட்ட ஆட்டுத் தோலின் ஏற்றுமதி சரிந்தது.

இந்நிலையில், சென்னை அரசின் அதிகாரியான ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-இல் குரோம் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். செருப்புக்கும், கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்கும் அத்தோல் ஏற்றதாய் இருந்தது. 1908-இல் உதகையில் தொழில் மாநாடு கூடியது. தொழில் துறை ஒன்றும் அமைந்தது. ஐரோப்பிய வணிகர்கள் இதனை எதிர்த்தனர். 1910-இல் இந்திய அமைச்சர் மார்லி பிரபு, அரசு புதிய தொழில் முறைகளைக் கற்பிக்கலாமேயன்றிப் பொதுப் பணத்தைக் கொண்டு தொழில் நடத்தலாகாது என்று கூறி அனுமதி மறுத்தார். தொழிற்சாலை கைமாறியது, தொழில் துறையும் கலைந்தது.

அதன் பின் நிகழ்ந்ததே நாம் கருதத் தக்கது. சாட்டர்டன் 1912-இல் மைசூர் அரசின் தொழில் துறை இயக்குநரானார். ஓரிடத்தில் அடைபட்ட கதவை மற்றோரிடத்தில் தட்டினார். சென்னையிலோ 1914-இல் தொழில் துறை மீண்டும் உயிர் பெற்றது. மறுத்தவரும் கல்வியை மறுக்கவில்லை. அந்த வழியிலேயே 1915-இல் சென்னையில் தோல் தொழிற் பள்ளி தோன்றியது. 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. மறுப்பு ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தியதேயன்றி முடித்துவிடவில்லை.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகின்றது. விண்ணப்பித்தவர் ஆங்கில அதிகாரி, எதிர்த்தவர் வணிகர், மறுத்தவர் இலண்டன் அமைச்சர். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் அளவு நின்ற ஆதிதிராவிடரும் அருந்ததியரும் இம்மூவர் வரிசையில் எங்குமில்லை. தோலைத் தொட்ட அளவில் அதன் பதமறிந்தவர்கள் அவர்களே. அவ்வறிவு ஏட்டில் ஏறாமையால் ஆராய்ச்சி எனப் பெயர் பெறவில்லை.

இதன் விளைவை நாமே கண்டோம். குரோம் தோல் செல்வம் தந்தது. அதன் கழிவு பாலாற்றை நஞ்சாக்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் ஆலைகளுக்குத் தண்டமும் கட்டுப்பாடும் விதித்துத் தீர்ப்பளித்தது. குழியில் நிற்பவனுக்கும் அந்நீரைக் குடிப்பவனுக்கும் என்ன நேரும் என்னும் கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்புவதற்கு நம்மவர் ஒருவரேனும் அவையில் இருந்தாரில்லை.

இளைஞர்களே! நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஆராய்ச்சி விண்ணப்பம் எழுதும் கைகள் நம்முடையனவாகவும் இருக்க வேண்டும் என்று உறுதி கொள்வோம். அவை மறுக்கப்படலாம், பலமுறையும் மறுக்கப்படலாம். மறுத்தவர் கூறும் காரணத்தை ஊன்றிப் படிப்போம். திருத்த வேண்டியதைத் திருத்துவோம். வேறு வாயில்களையும் நாடுவோம். கேட்டு மறுக்கப்பட்டவன் மீண்டும் கேட்கலாம். கேட்கவே வாய்ப்பற்றிருந்த நம் முன்னோரின் நிலை இனி எவருக்கும் வேண்டா.